எருக்குழியில் ஒரு மருந்துக் கடை

'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் சற்றுப் பயமாக இருக்கிறது. இதைப் படித்த மாத்திரத்தில், 'இவனும் உரக் கம்பெனிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டானா?' என்று சில அன்பர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு எந்தக் கம்பெனியும் படியளக்கவில்லை. மண்ணுக்கு எரு வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டை கிடையாது. எரு என்ற பெயரில் என்னென்ன வந்து மண்ணில் விழுகிறது என்பதில்தான் சண்டை.

சென்ற தை மாதத்தில் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். இயற்கை விவசாயத்தைப் பற்றிய கூட்டம். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கக்கூடாது; மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார ஆள் தேவைப்பட்டது. அங்கே பேசிய பெரியவர் ஒருவர், கோழி எரு நிரம்பிய சாக்கு ஒன்றை மேஜைமேல் தூக்கி வைத்தார். "இதிலே ஒரு துளி ரசாயனம் உண்டா? கோழி தின்றது, கோழி போட்டது. அவ்வளவுதானே ஐயா!" என்றார். சபை கை தட்டியது. நானும் தட்டினேன். கூட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு துண்டைப் போர்த்தி, அந்தச் சாக்கையும் மரியாதையாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதை மடியருகே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. கோழி போட்டதைக் காட்டினார், சரி. கோழி தின்றது என்ன?

இந்தக் கேள்வி என்னை இவ்வளவு தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

அதற்கு முந்தின வருஷம் என் தாயார் 17 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீர்த் தாரையில் கிருமி. அந்த வயதுப் பெண்களுக்குச் சகஜமாக வருகிற உபத்திரவம்தான். 'ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும்' என்று சொல்லித்தான் டாக்டர் ஆரம்பித்தார். போகவில்லை. மாத்திரையை மாற்றினார். ஜுரம் ஏறிற்று. ஊசிக்கு வந்தார்கள். இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பிறகு சோதனைக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அதில் இடப் பக்கம் மருந்துகளின் பெயர் வரிசை. வலப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி படியும். 'ஆர்' என்றால் படியாது. விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தேன். ஆர், ஆர், ஆர்... எல்லாப் பாடத்திலும் தோற்ற பையனின் மார்க்குப் பட்டியலைப் பார்ப்பது போல இருந்தது. கடைசி வரிகளில் இரண்டே இரண்டு 'எஸ்'. அதிலும் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று மற்றதைக் கொடுத்தார்கள். அம்மா பிழைத்தாள்.

"இந்த ரெண்டும் 'ஆர்'னு வந்திருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று டாக்டரைக் கேட்டேன். சின்ன வயசுப் பிள்ளை அவர். "பெனிஸிலின் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணினாங்களோ, அதைத்தான் சார்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அம்மாவின் உடம்பில் புகுந்த கிருமி கோழி எருவிலிருந்து வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கலாம். மூக்கு ஒழுகினாலும் மருந்துக் கடையில் நின்று கேட்டு வாங்கி, இரண்டு நாள் விழுங்கிவிட்டு மிச்சத்தைப் பீரோமேல் போட்டுவைக்கிற எங்கள் வீட்டுப் பழக்கத்தால் வந்திருக்கலாம். பச்சைக் கொத்தமல்லித் துவையலிலிருந்தும் வந்திருக்கலாம். எந்த வழியாக வந்தது என்று கையைப் பிடித்துக் காட்ட யாராலும் முடியாது. குற்றம் செய்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான குற்றம் வேறு உண்டா? கத்தியால் குத்தினால் கறையாவது இருக்கும். உலகம் முழுவதும் இப்படி மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை சாவுக்கும் ஒரு பிரதிவாதிகூடக் கூண்டில் ஏறவில்லை.

கதை எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கலாம். 1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிஸிலினைக் கண்டுபிடித்தார். 1945-ல் நோபல் பரிசை வாங்கிக்கொண்டு பேசியபோதே அவர் எச்சரித்தார்: கிருமியைக் கொல்லாத அளவுக்குக் கொஞ்சமாக மருந்தைக் காட்டினால், அது மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும் என்று. எச்சரிக்கையை உலகம் கேட்டதா? மூன்றே வருஷத்தில், 1948-ல், அமெரிக்காவில் லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆரியோமைஸின் என்ற புது மருந்து வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் — ஆந்திரத்தில் பிறந்து, நம் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, கடல் கடந்து போன மேதை. அந்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். அவர் கண்ணை மூடிய பிறகு, அதே கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான சத்துணவு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைஸின் வடித்தெடுத்த பின் மிஞ்சுகிற சக்கையைப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன. வளர்த்தது சக்கையிலிருந்த சத்து என்று முதலில் நினைத்தார்கள்; அதில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்துதான் அந்த வேலையைச் செய்தது என்று பிறகு தெரிந்தது. 1950-ல் செய்தி வெளியாயிற்று. மனிதன் சாகாமல் இருப்பதற்காகக் கண்ட மருந்து, கோழி சீக்கிரம் கொழுப்பதற்கான மசாலாவாக மாறியது இப்படித்தான்.

தீவனத்தில் கலப்பது சொற்ப அளவு. வியாதியைத் தீர்க்கப் போதாத அளவு. பிளெமிங் எதைச் செய்யாதே என்றாரோ அதையே, லட்சக்கணக்கான கோழிகளின் குடலில், நாள் தவறாமல் செய்தார்கள். பலவீனமான கிருமி செத்தது. தாக்குப்பிடித்த கிருமி பெருகியது. அதோடும் போகவில்லை. ஒரு கிருமி தான் கற்ற வித்தையைத் தன் பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்லித்தரும் என்றுதான் வெகு நாள் எண்ணியிருந்தார்கள். 1950-களின் கடைசியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் சீதபேதிக் கிருமியை ஆராய்ந்தபோது வேறு சங்கதி தெரிந்தது: கிருமிகள் அந்த வித்தையை ஒரு சின்னச் சுருளாக — அதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர் — நகல் எடுத்து, பக்கத்திலிருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன. ஒரே சுருளில் நாலைந்து மருந்துகளை எதிர்க்கும் வித்தை இருப்பதும் உண்டு. தானம் செய்வதில் கிருமிக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது.

இனி எருவுக்கு வருவோம்.

தின்ற மருந்தெல்லாம் கோழியின் உடம்பில் தங்கிவிடுவதில்லை. கணிசமான பகுதி எச்சத்தோடு அப்படியே வெளியே வருகிறது. கூடவே, குடலில் பாடம் படித்துத் தேறிய கிருமிகளும் வருகின்றன. கறிக்கோழிக் கொட்டகையில் தென்னைநார்க் கழிவைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். 40, 45 நாள் அதன்மேல்தான் கோழியின் வாசம். கோழி லாரி ஏறியதும் அந்தக் கூளத்தை வாரிக் குவிக்கிறார்கள். முட்டைக்கோழிப் பண்ணையில் கூண்டுகளுக்குக் கீழே எச்சம் மேடாகக் குவிகிறது; அதுவும் ஒரு நாள் லாரி ஏறுகிறது. தென்னந்தோப்புக்குப் போகிறது, வாழைக்குப் போகிறது, காய்கறிப் பாத்திக்கும் போகிறது. மேடையில் சாக்கைக் காட்டிய பெரியவர், 'ஒரு துளி ரசாயனம் உண்டா?' என்று கேட்டாரே, அந்தச் சாக்குக்குள் ஒரு மருந்துக் கடையே இருந்திருக்கலாம். அந்தக் கடையின் சரக்குகளை ஜயித்துவிட்ட கிருமிகளும் இருந்திருக்கலாம்.

இது என் கற்பனை அல்லவா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

1970-களின் நடுவில் அமெரிக்காவின் மாஸாசூஸெட்ஸில் ஸ்டூவர்ட் லெவி என்ற டாக்டர் ஒரு சிறு பண்ணையில் 300 குஞ்சுகளை விட்டார். பாதிக்குச் சாதாரணத் தீவனம்; பாதிக்கு டெட்ராஸைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். மருந்து தின்ற குஞ்சுகளின் குடல் கிருமிகள் வெகு சீக்கிரத்தில் அந்த மருந்தை எதிர்க்க ஆரம்பித்தன. சில மாதங்களில், அவை கண்ணாலும் பார்த்திராத வேறு மருந்துகளையும் எதிர்த்தன. அரை வருஷத்துக்குள், அந்தப் பண்ணையில் குடியிருந்த குடும்பத்தாரின் குடலிலும் எதிர்ப்புக் கிருமிகள் பெருகியிருந்தன. அவர்கள் அந்த மருந்தில் ஒரு மாத்திரைகூடத் தின்றவர்கள் இல்லை. முடிவுகள் 1976-ல் அச்சாகின.

இரண்டாவது நம் தேசத்தில் நடந்தது. தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய நான்கு மாநிலங்களில் 12 கோழிப் பண்ணைகளைச் சோதித்து 2017-ல் அறிக்கை வெளியிட்டது. பண்ணைக் கூளத்தில் பல மருந்துகளை எதிர்க்கும் கிருமிகள் இருந்தன. அந்தக் கூளத்தை எருவாகப் போட்ட பக்கத்து வயல் மண்ணிலும் அதே விதமான எதிர்ப்பு இருந்தது. 'அது வடக்கே, நம் ஊரில் இல்லை' என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பல்லடத்துக் கோழிக்கும் பஞ்சாப் கோழிக்கும் குடல் ஒன்றுதான்.

என் நண்பர் ஒருவர் பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்க்கிறார். நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறவர். இதை எழுதப்போகிறேன் என்றதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க, நீங்க சொல்றது நாயமாவே இருக்கட்டுங்க. ஒரு கொட்டாயில பத்தாயிரம் கோழி நிக்குது. காலையில போய்ப் பார்த்தா இருபது கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. மீதியும் குழிக்குப் போற வரைக்கும் நான் கையைக் கட்டிட்டு நிக்கோணுமுங்களா?"

வேண்டாம். சீக்கு வந்த கோழிக்குக் கால்நடை டாக்டர் பார்த்து மருந்து எழுதிக்கொடுத்தால், அதைக் கொடுப்பது தர்மம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பண்ணைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது. அதைத் தடுப்பது தடுப்பு மருந்து. கிருமிக்கொல்லியைக் கூடை கூடையாகக் கொட்டினாலும் வைரஸ் அசையாது. நெருக்கி அடைத்து வளர்ப்பதால் வருகிற சீக்குக்கு இடமும் காற்றும் சுத்தமும் வேண்டும். அவற்றுக்குப் பணம் செலவாகும். மருந்து மலிவு. விஷயம் அவ்வளவுதான்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குஞ்சு கம்பெனிதுங்க, தீவனம் கம்பெனிதுங்க, மருந்தும் அவிய குடுக்கறதுதானுங்க. எனக்கு வளர்ப்புக் கூலிதான். மூட்டைக்குள்ள என்ன கலந்திருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து விவசாயியின்மேல் எனக்கு இருந்த கோபம் இடம் மாறிவிட்டது. தின்னும் கோழிக்குத் தெரியாது. கொட்டுகிறவருக்குத் தெரியாது. எருவை வாங்கும் தோட்டக்காரருக்குத் தெரியாது. கீரையை வாங்கும் நமக்கும் தெரியாது. கலக்கிறவனுக்கு மட்டும் தெரியும். இத்தனை பேருடைய அறியாமையின்மேல் ஒருவன் லாபம் கட்டுகிறான் என்றால், அதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

'ஏழைக்குக் கிடைக்கிற முட்டையில் கை வைக்காதே' என்பது அடுத்த வாதம். நல்ல மனசுக்காரர்கள் சொல்வது; அதனால் மரியாதையாகப் பதில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுத் தட்டில் முட்டை விழுவதைப் பார்த்து மகிழ்கிறவன் நான். அந்த முட்டை அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தின்னும் பிள்ளைக்கு நாளை ஜுரம் வந்தால் எங்கே போவான்? தர்மாஸ்பத்திரிக்கு. முதல் மருந்தும் இரண்டாம் மருந்தும் பலிக்காமல், நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள மூன்றாம் மருந்துதான் வேண்டும் என்றால் அவன் தகப்பன் எதை விற்பான்? மேலும், மருந்தை நிறுத்தினால் கோழித் தொழிலே படுத்துவிடும் என்பதும் உண்மையல்ல. ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக மருந்து போடுவதைத் தடுத்தது. டென்மார்க் 1990-களில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் தடை. அங்கெல்லாம் ஜனங்கள் இன்றும் கோழியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் சர்க்காரும் தூங்கிவிடவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்றவையெல்லாம் தோற்ற பிறகு, சிறுநீரகம் போனாலும் உயிர் நிற்கட்டும் என்று கடைசியில் எடுக்கிற ஆயுதம். அதைக்கூட நம் பண்ணைகளில் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! 2015-ல் சீனாவில், அந்த மருந்தை எதிர்க்கும் வித்தை பிளாஸ்மிட் சுருளில் ஏறிக் கிருமிக்குக் கிருமி தாவுகிறது என்று கண்டார்கள். மத்திய சர்க்கார் 2019 ஜூலையில் கோலிஸ்டினை உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு மருந்தும் கடைசி மருந்தாகும் வரை காத்திருந்துதான் தடை செய்வதென்றால், தடை செய்ய மருந்து இருக்கும். வைத்தியம் செய்ய இருக்காது.

'எல்லாவற்றையும்தான் வேகவைத்துச் சாப்பிடுகிறோமே' என்கிறார்கள் வீட்டுப் பெண்கள். நன்றாக வெந்த கறியில் கிருமி சாகும், மெய்தான். கறிக்குக் குழம்புச் சட்டி காவல். எருவுக்கு எந்தச் சட்டி காவல்? அது காய்ந்து தூசியாகப் பறக்கிறது. மழையில் கரைந்து கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. ஈயின் காலில் ஒட்டுகிறது. அதை வெறும் கையால் அள்ளிப் போடுகிற கூலிக்காரியின் நகக்கண்ணில் தங்கி, அவள் பிள்ளைக்குச் சோறு பிசையும்போது தட்டில் இறங்குகிறது. கொத்தமல்லியும் புதினாவும் வெள்ளரிக்காயும் நாம் பச்சையாகவே தின்பவை.

இன்னும் சில கெட்டிக்காரர்கள், 'எதிர்ப்புக் கிருமி ஆதிகாலந்தொட்டு மண்ணில் இருப்பதுதானே?' என்பார்கள். ஆமாம். 30 ஆயிரம் வருஷத்துப் பனிமண்ணிலும் அந்த வித்தையின் தடத்தை 2011-ல் கண்டிருக்கிறார்கள். மருந்தே தின்னாத மாட்டின் சாணத்தை இட்டாலும் மண்ணிலுள்ள எதிர்ப்புக் கிருமிகள் பெருகக்கூடும் என்று 2014-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி சொல்லிற்று. பாம்பு காட்டிலே இருப்பதுதான்; அதற்காக அதைப் பால் வார்த்து வீட்டில் வளர்ப்பார்களா? 'இயற்கையானது, ஆகவே நிரபராதி' என்ற தீர்ப்பை எந்தக் கோர்ட்டும் கொடுக்க முடியாது என்பதற்குத்தான் இதுவும் சாட்சி.

அப்படியானால் எருவே வேண்டாமா? வேண்டும். நம் பாட்டன்மார் கோழி எருவைச் 'சூடு' என்பார்கள். பச்சையாகப் போட்டால் பயிர் கருகும் என்று மாதக்கணக்கில் மக்கவிட்டார்கள். அந்தப் பொறுமையை நாம் லாரி வாடகைக்கு விற்றுவிட்டோம். அமெரிக்காவின் அங்கக விவசாயச் சட்டம் அதைக் கணக்காக எழுதி வைத்திருக்கிறது: குவியல் 55 டிகிரி சூட்டில் 15 நாள் இருந்து, அதற்குள் 5 முறையாவது புரட்டப்பட வேண்டும், மக்காத பச்சை எருவைப் போட்டால், மண்ணில் படும் விளைச்சலை 120 நாள் கழித்தும் மற்றதை 90 நாள் கழித்தும்தான் அறுக்கலாம். நம் பண்ணைகளுக்கு இது எட்டாத வித்தையா? மண்வெட்டியும் பொறுமையும் போதும். அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் மருந்தின் மிச்சமும் அந்த வித்தைச் சுருளும் முழுக்கத் தொலையும் என்று சொல்ல முடியாது. ஆகையால் குவியலைப் புரட்டுவது பாதி வேலை. மீதி வேலை தீவன ஆலையில் இருக்கிறது. நோயில்லாத கோழிக்கு மருந்து கூடாது. தீவன மூட்டையின்மேல் உள்ளே இருப்பது என்னவென்று எல்லோரும் படிக்கும் தமிழில் அச்சடிக்க வேண்டும். எரு மூட்டையின்மேல், இந்தக் கோழி என்ன மருந்து தின்றது, எரு எத்தனை நாள் மக்கியது என்று எழுத வேண்டும். ஊறுகாய்ப் புட்டியில் உப்பு எவ்வளவு என்று அச்சடிக்கத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பீரோமேல் கிடந்த மிச்ச மாத்திரைகளை அம்மா வீடு திரும்பிய அன்று எடுத்துப் பார்த்தேன். அவற்றில் மூன்றின் பெயர் அந்தச் சோதனைக்கூடக் காகிதத்தில் இருந்தது. மூன்றுக்கும் நேரே 'ஆர்'. தீவன ஆலைக்காரனைத் திட்டுகிற என் வாய்தான் அவற்றையும் அரைகுறையாக விழுங்கியது.

கூட்டத்தில் கொடுத்த சாக்கு இன்னும் எங்கள் கொல்லையில் கட்டு அவிழ்க்காமல் இருக்கிறது. அம்மாவுக்கு அதன்மேல் கண். இப்போது தெம்பாக நடமாடுகிறாள். பசலைப் பாத்தி வெளிறிப்போய்க் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா, அந்த எருவைப் போட்டா என்ன? நல்ல எருதானே?" என்று நேற்றும் கேட்டாள்.

"தெரியலேம்மா" என்றேன்.

"ஊருக்கெல்லாம் எழுதறே, இது தெரியலேங்கறியே!"

சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன்மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை.